நெட் பெட்டிக்குக் கட்டை போட்டவர்

வைஃபை பெட்டிக்குப் பின்னால் கட்டை போட்டு நிறுத்தி வைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் நான் வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். உள்ளங்கை அகலத்தில் மேசைமேல் சும்மா உட்கார்ந்திருக்கும் பெட்டி அது. அதற்குச் சக்கரம் கிடையாது. மேசையும் சமமாகத்தான் இருந்தது. "இது எங்கீங்ண்ணா ஓடிப் போயிரப் போகுது?" என்று குடிபோன முதல் நாளே கேட்டேன். "நிக்கற வண்டிய நம்பக் கூடாது சாமி. கட்டை போடறது நம்ம கடமை" என்று சொல்லி, பலாமரத் துண்டு ஒன்றைப் பெட்டியின் முதுகோடு ஒட்டி நகர்த்தி வைத்தார்.

ஊரில் அவருக்குப் பெயர் ரேடியேட்டர். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். சோளக்காடு சந்தையில் அன்னாசியும் பலாவும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு, கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்குவார், மறுநாள் ஏறுவார். ஏறும்போது பாதி வளைவு தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ரேடியேட்டர் ஆறும்வரை பீடி பற்றவைத்துக்கொண்டு நிற்பாராம். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்தால் இறங்கிப் போய் அந்த பஸ்ஸின் மூக்கையும் புறங்கையால் தொட்டுப் பார்த்து, "உன்னுதும் நில்லுன்னுதான் சொல்லுது" என்பாராம். பிரயாணிகள் எல்லாரும் இறங்கி நிற்க வேண்டியதுதான்.

முழங்கால் தேய்ந்துபோய் லாரியை விட்டபிறகு, அந்த அக்கறைக்குப் போக்கிடம் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து மலைக்கு ஃபைபர் வந்தது. அவர் வீட்டில் பெட்டி வைத்தார்கள். அவ்வளவுதான், ஒரு லாரியின் மொத்தப் பராமரிப்பும் அந்தப் பெட்டியின் தலையில் விழுந்தது.

நான் அப்போது அந்த மலையில் ஆலத்தூர் நாடு என்ற ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ரேடியேட்டரும் அவர் மனைவியும் முன்கட்டில் இருந்தார்கள். பின்கட்டில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் எனக்கு. நெட் பெட்டி அவர் கூடத்தில் இருந்தது. சுவரைத் தாண்டி என் முதல் அறைவரை வைஃபை வரும். அதற்கு மேல் வர அதற்குத் தெம்பு கிடையாது. செல்போன் சிக்னல் என்று பார்த்தால், வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஒரு பாறை உண்டு, அதில் ஏறி வடக்கே பார்த்து நின்றால் பேசலாம். பேச மட்டும்தான் முடியும். படம் கிடம் என்று ஆசைப்பட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பெட்டி பொருத்த வந்த ஆள் பட்டபாட்டை ரேடியேட்டரின் மனைவி சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். அவரை ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். "வந்தவரு வொயர மாட்டி சுச்சப் போடப் போனாருங்க வாத்தியாரே. இவரு கையப் புடிச்சுட்டாரு. எலுமிச்சம்பழம் வெக்காம எடுக்கக் கூடாதுன்னு ஒரே புடி. டயரு எங்கன்னு அவரு கேக்கறாரு, டயரு இல்லாட்டி என்ன, வண்டி வண்டிதானன்னு இவரு சொல்றாரு!" கடைசியில் பெட்டிக்கு முன்னால் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, சந்தனப் பொட்டு இட்டு, அதன்பிறகே விளக்கு எரிந்திருக்கிறது. சந்தனம் ஒரு ஓட்டையை அடைத்துக்கொண்டதைக் குச்சி வைத்து நோண்டி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாராம் அந்தப் புண்ணியவான்.

நெட் மெதுவானால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? பெட்டியை அணைத்துப் போடுவோம். ரேடியேட்டர் வீட்டில் அது அவ்வளவு லேசான காரியமில்லை. முதலில் வாசலில் நின்று, "எல்லாரும் எறங்குங்க!" என்று குரல் கொடுப்பார். போனில் ஏதாவது பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உடனே நிறுத்திவிட வேண்டும் என்று அர்த்தம். ஆளை வைத்துக்கொண்டு இன்ஜினை அணைப்பது மரியாதை இல்லையாம். பிறகு சுவிட்சை அணைப்பார். புறங்கையால் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பார். கட்டையைச் சரிபார்ப்பார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். பத்து நிமிஷம். ஒன்பதரை நிமிஷத்தில் யாராவது சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனால், "சூட்டோட எடுத்தா இன்ஜின் புடிச்சுக்கும் சாமி" என்பார். அவரை மீறிச் சுவிட்சைத் தொட்ட ஆள் அந்த ஊரில் யாரும் இல்லை.

நான் குடிபோவதற்கு முன்னால் ஒரு பெட்டி இருந்து செத்துப்போனதும் இந்த வைத்தியத்தால்தான். ஒரு கோடையில் தொட்டுப் பார்த்தவருக்குச் சூடு அதிகமாகத் தெரிந்திருக்கிறது. துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பெட்டியின் மேல் போர்த்திவிட்டார். பிழிந்தது போதவில்லை. 'டப்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. கம்பெனி ஆள் வந்து பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தபோது அதிலிருந்து தண்ணீர் சொட்டியதாம். "என்னங்க இது?" என்று அவர் கேட்க, "ஓவர்ஹீட்டுங்க" என்றாராம் இவர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். அதற்குப் பிறகு தண்ணீர் வைத்தியம் நின்றது. அக்கா முறத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, விசிறுவதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு அவர் போன் பண்ணும் அழகைப் பார்ப்பதற்காகவே நான் சில நாள் பள்ளிக்குத் தாமதமாகப் போயிருக்கிறேன். போன் பேசப் பாறைக்குப் போக வேண்டும். பெட்டியோ வீட்டுக்குள் இருக்கிறது. ஆகவே ரேடியேட்டர் பாறைமேல் நிற்பார், அக்கா வீட்டு ஜன்னலில் நிற்பார். போனில் ஒரு பெண் கேட்பதை இவர் உரக்கக் கத்தி அக்காவிடம் கேட்க, அக்கா கத்தும் பதிலை இவர் போனில் சொல்ல, பள்ளத்தாக்கு முழுவதும் எங்கள் வீட்டுப் பெட்டியின் உடல்நிலை அறிவிக்கப்படும்.

"எத்தனை லைட்டு எரியுதுன்னு கேக்குது புள்ள!"

"ஒண்ணுமே எரியலீங்க!"

"ஒண்ணும் எரியலீங் கண்ணு... என்ன?... வொயரு நல்லா சொருகியிருக்குதான்னு பாருன்னு சொல்லுது!"

"சொருகித்தான் இருக்குது! கரண்டுதான் இல்ல!"

இவர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போனில் சொன்னார்: "கரண்டு இல்லீங் கண்ணு. ஆனா கரண்டு இருந்தப்பவும் ஒரு மாதிரி மொனகிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அதையும் எழுதிக்கோங்க." அந்தப் பெண், மின்சாரம் வந்ததும் ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னாள். அணைத்ததும் உடனே போடலாம் என்று வேறு சொல்லிவிட்டாள். இவருக்கு வந்ததே கோபம். "ஏங் கண்ணு, நீ மலை ரோட்டுல வண்டி ஓட்டியிருக்கறயா?" என்று ஆரம்பித்து, பத்தாவது வளைவிலிருந்து அவளைக் கைப்பிடித்து மேலே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கடைசியில் அவள் "பத்து நிமிஷமே வெச்சுக்கலாங்க சார்" என்று ஒத்துக்கொண்ட பிறகே போனை வைத்தார்.

இனி என் கதை. எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. காரணம் என் ஜாதகம் அல்ல, அந்த எழுபது வளைவுகள்தான். மலைக்குக் கீழே எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போனாலும், பெண் வீட்டுக்காரர்கள் ஒருநாள் மாப்பிள்ளையின் வீட்டை, எங்கள் பேச்சில் ஊட்டை, பார்க்க வர வேண்டும். புள்ளை வாழப்போகிற இடத்தைக் கண்ணால் பார்க்காமல் பேச்சை முடிக்க மாட்டார்கள். முதல் சம்பந்தம் வேனில் கிளம்பி, முப்பதாவது வளைவில் வரிசையாக உட்கார்ந்து வாந்தி எடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டது. இரண்டாவது சம்பந்தத்தில் மேலே வந்து சேர்ந்தது பெண்ணின் சித்தப்பா ஒருவர்தான். அவரும் ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் தரையில் படுத்துக்கிடந்துவிட்டுப் போனார். மூன்றாவது குடும்பம் நன்றாகத்தான் வந்தது, நன்றாகத்தான் சாப்பிட்டது. கிளம்பும்போது பெண்ணின் அக்கா மட்டும், "ஒவ்வொரு நோம்பி பண்டிகைக்கும் இதுலயா வந்து போகோணும்?" என்று ஒரு கேள்வி கேட்டாள். அந்தச் சம்பந்தமும் அதோடு போனது.

நான்காவதாக வந்தவள் வளர்மதி. ராசிபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. கோயிலில் வைத்து ஒரே ஒருமுறை பார்த்துப் பேசினோம். "மலைல குளிருங்களா?" என்று கேட்டாள். "குளிருங்க" என்றேன். "எனக்குக் குளிரு புடிக்குங்க" என்றாள். முப்பத்தாறு வயதில் ஒருவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தச் சம்பந்தம் மட்டும் கைவிட்டுப் போகக்கூடாது என்று வேண்டாத தெய்வம் இல்லை.

அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் பெண்ணின் தாய்மாமன் சொல்வதுதான் சட்டம். கடிகாரத்தையும் பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே மூச்சு விடுகிறவர். வளைவு என்றாலே அவருக்குக் குடல் புரளும். புளியஞ்சோலைப் பக்கமாக வேறு வழி இருக்கிறதா என்று விசாரித்திருக்கிறார். இருக்கிறது, காட்டுக்குள் நடந்து ஏற வேண்டும் என்று சொன்னார்களாம். தன் தொப்பையை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். கடைசியில் என் அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். "ஊட்ட வீடியோவுல காட்டிர்றா. அவங்க அங்கிருந்தே பாத்துக்கட்டும். நான் அன்னைக்கு அவங்க ஊட்டுல இருந்துக்கறேன்." மாமாவும் ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு நல்ல நேரம் தொடங்குகிறது, பன்னிரண்டுக்கு எமகண்டம்; அதற்குள் பார்த்து முடித்துவிட வேண்டும், முடியாவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாம், சகுனம் சரியில்லை என்று ஆகிவிடும் என்றும் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. ஞாயிறு காலை ஒன்பது முதல் பதினொன்று வரை பராமரிப்புப் பணிக்காகச் சேவை நிறுத்தப்படும், பணி முடிந்ததும் கருவியை ஒருமுறை அணைத்துப் போடவும் என்று இருந்தது. நான் விரல் விட்டு நேரத்தைக் கணக்குப் போட்டேன். ரேடியேட்டருக்கோ முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தீங்களா வாத்தியாரே! கம்பெனிக்காரனே சொல்லிட்டான், அணைச்சுத்தான் போடோணுமாம்" என்று அந்தச் செய்தியை அக்காவுக்கு மூன்று முறை படித்துக் காட்டினார். என் விஷயத்தைச் சொன்னேன். "பதினொண்ணுக்கு வந்துருமுங்க. வண்டிய நான் பாத்துக்கறேன். நீங்க ஊட்டக் கூட்டிச் சுத்தமா வெய்யுங்க" என்றார்.

ஞாயிறு ஒன்பது மணிக்கு நெட் போனது. அவர் சுவிட்சை அணைத்து, பெட்டிக்கு ஒரு வெள்ளைத் துண்டைப் போர்த்தி, கட்டையை அழுத்தி வைத்துவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார். நான் பின்கட்டைப் பெருக்கினேன். துவைக்காத துணிகளை அரிசி டிரம்முக்குள் திணித்தேன். அக்கா வந்து அடுப்பைத் துடைத்து, வாசலில் காயப்போட்டிருந்த காப்பிக் கொட்டையை அழகாகப் பரப்பிவிட்டுப் போனார். பத்தே முக்காலுக்கு நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு முன்கட்டில் போய் நின்றேன். "போட்டுப் பாக்கலாங்ளாண்ணா?" என்றேன். அவர் கடிகாரத்தைக் காட்டி, "பதினொண்ணுன்னு போட்டிருக்கறான்" என்றார். பத்து ஐம்பத்தெட்டுக்கும் அதையேதான் சொன்னார்.

பதினொரு மணிக்குப் போட்டார். பச்சை ஒன்று எரிந்தது. பக்கத்தில் சிவப்பு ஒன்றும் மினுக்கிக்கொண்டு எரிந்தது. "செவப்பு எரிஞ்சா நிக்கோணும்" என்று அணைத்துவிட்டார். "வேலை இன்னும் முடியலீங்க போல. பத்து நிமிசம் ஆறட்டும்." அந்த நேரத்தில் அக்கா தோட்டத்திலிருந்து, மாடு காப்பிச் செடிக்குள் புகுந்துவிட்டது என்று கத்தினார். "தொட்டுராதீங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு அவர் நொண்டிக்கொண்டே ஓடினார்.

நான் தொட்டேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொறுமையைப் பற்றி வாரம் ஒருமுறை வகுப்பெடுக்கிறவன், அந்தச் சுவிட்சை நாலு முறை போட்டுப் போட்டு அணைத்தேன். சிவப்பு போகவில்லை. பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. அதற்குள் அழுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரோ எங்கோ சொன்ன ஞாபகம். சட்டைப்பையிலிருந்த காகிதங்களில் குத்தியிருந்த குண்டூசியை உருவி அந்தத் துளைக்குள் விட்டு, இருபது எண்ணும்வரை அழுத்தினேன். எல்லா விளக்கும் ஒருசேர அணைந்து எரிந்தன. சிவப்பு போயே போய்விட்டது! கம்பெனிக்காரர்களின் வேலையும் அதே நேரத்தில் முடிந்திருக்கிறது. ஆனால் நெட் வரவில்லை. போனில் பார்த்தால் எங்கள் வைஃபையின் பெயரே இல்லை, வேறு ஏதோ எண்ணும் எழுத்துமாக ஒன்று இருந்தது. பெட்டிக்குத் தான் யார், எந்த வீடு, எந்தக் கம்பெனி என்பதெல்லாம் சுத்தமாக மறந்துவிட்டது. நான்தான் மறக்கடித்திருந்தேன்.

பாறைக்கு ஓடினேன். கம்பெனிக்குப் போன் செய்தால், எங்கள் அழைப்பு அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று ஒரு குரல் சொல்லிவிட்டுச் சங்கீதம் போட்டது. அதை வெட்டி அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா கிசுகிசுத்தாள். "எங்கடா இருக்கறே? மாமா கெடியாரத்தையே பாத்துக்கிட்டு இருக்கறாரு. பன்னெண்டு அடிச்சா எந்திரிச்சுருவாருடா. வளர்மதி மூணு தடவ வாசலுக்குப் போயிட்டுப் போயிட்டு வந்துருச்சு." மணி பதினொன்று இருபத்தைந்து.

திரும்பி வந்தபோது ரேடியேட்டர் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் என் குண்டூசி. காலெல்லாம் சேறு. நான் திட்டு வாங்கத் தயாராகக் கையைக் கட்டிக்கொண்டேன். அவர் ஊசியை மேசைமேல் வைத்துவிட்டு, "இன்ஜினையே எறக்கிப்புட்டீங்களே வாத்தியாரே" என்று மட்டும் சொன்னார். உள்ளே போய் பீரோவைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக்கொண்டு வந்தார். விற்றுப்போன லாரியின் பழைய ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், பர்மிட், அவற்றோடு பெட்டி பொருத்திய ஆள் எழுதிக் கொடுத்த ஒரு சீட்டு. அதில் பயனர் பெயர், கடவுச்சொல், எதை எங்கே அடிக்க வேண்டும் என்று வரிசையாக எல்லாம் இருந்தது. "காயிதம் இல்லாத வண்டிய எவன் எடுப்பான்?" என்றார். நான் அவர் காலில் விழாத குறை. போனில் ஒவ்வொன்றாக அடித்தேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பாகப் போனது. பதினொன்று முப்பத்தாறுக்கு எல்லாம் முடிந்தது. இனி ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும்.

அணைத்தார். புறங்கையால் தொட்டார். முகம் சுருங்கியது. "பாவம், நாலஞ்சு தடவ சூட்டோட அடிவாங்கியிருக்குது. பத்து நிமிசம்."

அப்போதுதான் நான் அந்தப் பாவத்தைச் செய்தேன். "உங்க பத்து நிமிஷத்துல கொண்டுபோய் நெருப்ப வெய்யுங்க! இது லாரி இல்ல, லாரி இல்ல, எத்தனை தடவ சொல்றது? முப்பது வருஷம் ஸ்டியரிங் புடிச்சா எல்லாந் தெரிஞ்சுருமா? என் வாழ்க்கையே போகுது, நீங்க கட்டையும் துண்டும் வெச்சு வெளையாடிக்கிட்டு இருக்கறீங்க!" என்று கத்தினேன். அக்கா சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். ரேடியேட்டர் சுவிட்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார். நான் போட்டேன்.

இரண்டு நிமிஷத்தில் நெட் வந்தது. ஒன்றும் பிடித்துக்கொள்ளவில்லை. அவரைத் திரும்பிப் பார்க்காமல் பின்கட்டுக்கு ஓடினேன். பதினொன்று நாற்பதுக்கு என் போனில் மாமாவின் மீசை தெரிந்தது. அதற்குப் பின்னால் அம்மா, ஏழெட்டுத் தலைகள், ஒரு ஓரத்தில் வளர்மதி.

"ஏனுங் மாப்ள, ஊட்டக் காட்டுங்க பாக்கலாம்."

முதல் அறையைக் காட்டினேன். கட்டில், மேசை, அடுக்கி வைத்த புத்தகங்கள் எல்லாம் நன்றாகத் தெரிந்தன. இரண்டாவது அறைக்குள் காலை வைத்தேன். மாமாவின் மீசை அப்படியே உறைந்துவிட்டது. "மாப்... ள... கே..." என்று துண்டு துண்டாகக் குரல். சமையலறை, கிணற்றடி, வாசல் எல்லாம் அதற்கு அப்பால்தான் இருந்தன. சமையலறையைப் பார்க்காமல் எந்த வீட்டில் பெண் கொடுப்பார்கள்? முன்னே ஓர் அடி, பின்னே ஓர் அடி என்று திண்டாடிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று படம் பளிச்சென்று தெளிந்தது. மீசையில் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. எனக்குக் காரணம் யோசிக்க நேரமில்லை. சமையலறையைக் காட்டினேன், அது தெரிந்தது. பின்வாசலைத் திறந்துகொண்டு வெளியே வந்து கிணறு, மிளகுக் கொடி ஏறிய மரங்கள், காயும் காப்பிக் கொட்டை, அந்தப் பக்கம் தெரியும் பள்ளத்தாக்கு என்று சுற்றிச் சுற்றிக் காட்டினேன். எதுவும் அறுபடவில்லை. பெண்கள் பக்கத்தில் "எவ்வளவு பச்சை பாரு" என்று பேச்சு எழுந்தது. அப்போது மாமா சொன்னார்.

"மாப்ள, இருங்க. கொஞ்சம் பின்னால திருப்புங்க. அந்தச் சன்னல்ல ஒரு ஆளு தலைக்கு மேல பெட்டியத் தூக்கிக்கிட்டு நிக்கறாரே, யாருங்க அது? ஏதாச்சும் வேண்டுதலுங்களா?"

திரும்பிப் பார்த்தேன். முன்கட்டின் பின் ஜன்னல். உள்ளே ஒரு முக்காலியின் மேல் ரேடியேட்டர் ஏறி நின்றிருந்தார். இரண்டு கையாலும் நெட் பெட்டியை ஜன்னல் கம்பிக்கு வெளியே உயர்த்திப் பிடித்திருந்தார். தோளில் எக்ஸ்டென்ஷன் பலகை தொங்கியது. அவர் விழாமல் இருக்க அக்கா அவருடைய இடுப்பைக் கட்டிப் பிடித்திருந்தார். முழங்கால் தேய்ந்து லாரியையே விட்ட மனிதர் அவர்.

"எங்க வீட்டுக்காரருங்க மாமா" என்றேன். "நெட்டு இது வரைக்கும் எட்டாதுங்க. அதுக்காவத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கறாருங்க."

"எத்தன நேரமா?"

"நான் சமையல்கட்டுக்குள்ள வந்ததுல இருந்துங்க. பத்துப் பன்னெண்டு நிமிஷம் இருக்குங்க."

"உங்களுக்கு என்ன முறை வேணும்?"

"முறை ஒண்ணும் இல்லீங்க. நான் வாடகைக்கு இருக்கறேன்."

மாமா போனைப் பார்த்துச் சொல்லாமல், தன் வீட்டாரைப் பார்த்துச் சொன்னார்: "வாடகைக்கு இருக்கற பையனுக்கே இந்த நிப்பு நிக்கறாங்க. நம்ம புள்ள போனா உட்டுருவாங்களா?" அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். மணி பதினொன்று ஐம்பத்தாறு. "வெத்தலபாக்கு மாத்திக்கலாங்க" என்றார் மாமா. ஓரத்தில் இருந்த தலை குனிந்துகொண்டது.

நான் முன்கட்டுக்கு ஓடினேன். பேச்சு முடிந்ததை யாரும் சொல்லாததால் அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"ஒத்துக்கிட்டாங்களா சாமி?"

"ஒத்துக்கிட்டாங்ண்ணா."

"அப்ப எறக்கலாங்களா?"

பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். கை மட்டும் இறங்கவில்லை, மேலேயே நின்றுவிட்டது. அக்கா ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்து, நீவி நீவி மெல்ல இறக்கிவிட்டோம். "அண்ணா, நான் பேசினது தப்புங்க, மன்னிச்சுருங்க" என்றேன். "பொண்ணு ஊட்டு விசயம்னா எவனுக்கும் படபடப்பு வரத்தான் செய்யும். எங்க கல்யாணத்தன்னைக்கு நான் எங்க மாமனாரையே ஏசிப்புட்டேன்" என்றார். "அது படபடப்பு இல்லீங்க வாத்தியாரே, கொழுப்பு" என்றார் அக்கா, முழங்கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே. "அதெல்லாம் கெடக்குது. புள்ள எப்படீங்க இருக்குது? எனக்கு உங்க முதுகுதான் தெரிஞ்சுது" என்றார் அவர். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "நல்ல மொகம்" என்றார்.

இப்போது எனக்குக் கீழே மாற்றல் ஆகிவிட்டது. வருஷத்துக்கு இரண்டு முறையாவது அவர்களைப் பார்க்க மலை ஏறுகிறோம். வளர்மதி ஒவ்வொரு முறையும் தவறாமல் வாந்தி எடுக்கிறாள், ஆனாலும் ஒருமுறைகூட வரமாட்டேன் என்று சொன்னதில்லை. போன தடவை பஸ்ஸில் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்கு நீங்க சுத்திச் சுத்திக் காட்டினீங்களே, அந்த ஊட்ட நான் பாக்கவே இல்லீங்க. சன்னல்ல நின்ன அந்த அண்ணனத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்." எனக்கு அப்பா இல்லை. என் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதை அவளும் பார்த்திருக்கிறாள், மாமாவும் பார்த்திருக்கிறார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, கொஞ்சம் தாமதமாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.